அம்சமும் கிட்டுவும்

புரட்டாசி வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. முழங்கால் அளவு சேறு. பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து, நட்டபடியே வந்தார்கள். இடக்கையில் நாத்துமுடி, வலக்கையில் மூன்று விரல். நடவு நேரத்தில் ஊர்க்கதை பேசுகிற வாய்களெல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தன. அம்சத்தின் வாய் மட்டும் ஓயவில்லை.

“ழெ மெ லேவ். தூ தெ லேவ். இல் ஸெ லேவ்.”

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்தாள். அம்சத்துக்கு அண்ணன் முறையாகிறவரின் பெண்டாட்டி அவள். கேலி பேச உரிமையுள்ளவள், உரிமையில்லாவிட்டாலும் பேசுகிறவள்.

“ஏன்டி, யாரப் பாத்துத் தூன்னு துப்புற?”

“துப்பல அத்தாச்சி. தூன்னா நீ. பிரெஞ்சுல அப்படித்தான்.”

“நம்ம ஊர்ல ஆவாத மாமியாளத்தான் தூம்பாளுவ. அங்க எல்லாரையுமா?”

“மரியாதையா கூப்புடணும்னா வூ. வூ வூ லெவே.”

“நாங்கன்னா?”

“நூ. நூ நூ லெவோன்.”

வரிசை முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. “நூநூ, வூவூ! புருசன்கூட பேசப் படிக்கிறாளா, புள்ளைக்குப் பூச்சாண்டி காட்டப் படிக்கிறாளா?” என்று காத்தாயி கேட்க, சிரித்த சிரிப்பில் ஒருத்தியின் நாத்துமுடி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

அம்சமும் சிரித்தாள். ஆனால் உள்ளே ஒரு கலக்கம் இருந்தது. ஐப்பசியில் பரீட்சை.

கதை இதுதான். அம்சத்தின் முதல் புருஷன் பாம்பு கடித்துச் செத்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. ஒற்றை வட்டிலில் சோறு போட்டுச் சாப்பிட்டு, ஒற்றைப் பாயை விரித்துச் சுருட்டி, நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள். இனி என்ன இருக்கிறது என்று இருந்தபோதுதான் போன வருஷம் நாகநாதன் வந்தார். காரைக்கால்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மாதிரி வீடுகளை அங்கே சொல்தா வீடு என்பார்கள். அந்த வழியில் நாகநாதனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பாரீஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பெண்டாட்டியை இழந்தவர். அவருடைய தங்கையை அம்சத்தின் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர், கொல்லைப்புறத்தில் சேற்றுப் புடவையைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அம்சத்தைப் பார்த்து, வெகு நேரம் தயங்கி, தயங்கி, கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்.

“ஈரத்துல தேக்காதீங்க. சேறு முதல்ல காயணும். அப்புறம் உதறினா பாதி போயிடும்.”

வாழ்நாள் முழுக்கச் சேற்றில் கிடந்தவளுக்கு இதை ஒருத்தரும் சொன்னதில்லை. அம்சம் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மனுஷன் காது வரைக்கும் சிவந்து போய் நின்றார். மறுநாள் தங்கையை விட்டுக் கேட்டார். தை மாதம் பதிவுத் திருமணம். மாசியில் அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சாப்பிட்டியா, மழை பேஞ்சுதா, முதுகுவலி எப்படி. அவ்வளவுதான். அம்சம் எந்தக் கவலையைச் சொன்னாலும் ஒரே பதில்.

“பாத்துக்கலாம்.”

“கொஞ்சம் பிரெஞ்சு தெரியும்னு பரீட்சை எழுதி ஒரு தாள் வாங்கிட்டா காரியம் சுலபமாவுமாம், காயிதம் பாக்குறவரு சொன்னாரு” என்றாள் ஒரு நாள். “ஐப்பசியில தேறிட்டா தையில நான் அங்க. தவறிடுச்சுன்னா மறுபடி எப்பவோ. இன்னொரு வருசம்கூட ஆவலாம்.”

“பாத்துக்கலாம்.”

அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். என்னத்தைப் பார்த்துக்கொள்வது? படிக்க வேண்டியவள் நான் அல்லவா! தமிழ் எழுத்தையே முப்பதுக்கு மேல்தான் கற்றாள். நூறு நாள் வேலையில் மர நிழலில் உட்காருகிற நேரத்தில், மண்வெட்டிக் காம்பால் தரையில் கீறிக் கீறிப் பழகியது. அ எழுதக் கை வலித்தவளுக்கு இப்போது பிரெஞ்சு.

சொல்லிக் கொடுத்தது நாகூர் ஜன்னத் பீவி. அம்சத்தைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போய், இருபது வருஷம் அங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். வீட்டு மாடியில் கடல்காற்று அடிக்கிற கூடத்தில் வகுப்பு. சத்தமாகப் பேசுவாள். தப்பாகச் சொன்னால் திட்டுவாள், திட்டிய வாயோடு டீயும் கொடுப்பாள்.

அம்சத்துக்கு எண்கள் வந்தன. காய்கறிப் பெயர்கள் வந்தன. வணக்கமும் நன்றியும் நன்றாகவே வந்தன. ஒரே ஓர் இடத்தில்தான் வண்டி நின்றது. சில வினைச்சொற்களுக்கு முன்னால் தேவையே இல்லாமல் இன்னொரு ‘என்னை’ வந்து நிற்கிறது.

“ழென்னா நான். லேவ்னா எந்திரிக்கிறது. ழெ லேவ்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. நடுவுல இந்த மெ எதுக்கு அக்கா?”

“ழெ லேவ்னா எந்திரிக்கிறேன் இல்ல. தூக்குறேன். எதைத் தூக்குற? நெல்லு மூட்டையவா? உன்னையே நீ தூக்கினாத்தான் எந்திரிக்கிறது. ழெ மெ லேவ்.”

“என்னை நானே எப்படிக்கா தூக்குவேன்?”

“எப்படியோ தூக்கு. அப்படித்தான் சொல்லணும். சரி, காலையில என்ன செய்வ? குளிப்பியா?”

“ழெ லவ்.”

“கழுவுற. எதைக் கழுவுற? மாட்டையா?”

“என்னைத்தான்க்கா!”

“அப்ப மெ எங்க புள்ள? மெய்ய எங்க வச்சுட்டு வந்த, பஸ்ஸுலயா?”

கூட உட்கார்ந்திருந்த வெங்கட்ராகவன் சார் தொண்டையைச் செருமினார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினத்திலிருந்து வருகிறவர். பேத்தி லியோன் நகரத்தில் பிறந்து, தமிழ் ஒரு சொல் இல்லாமல் வளர்கிறாள். போனில் அவளோடு பேச வேண்டுமென்று படிக்கிறார். பரீட்சையும் எழுதப் போகிறார்.

“அம்மா, இது ஒண்ணுமில்ல. செய்யறவனும் நான்தான், செய்யப்படறவனும் நான்தான். வினை திரும்பி வந்து நம்ம மேலயே படறது.”

“புரியுது சார்” என்றாள் அம்சம். ஒன்றும் புரியவில்லை.

“எனக்கும் விளக்கத்தான் தெரியும்மா. பேசறச்சே மறந்துடும். போன வாரம் பேத்திகிட்ட ‘நான் படுக்கிறேன்’னு சொல்றதுக்குப் பதிலா ‘நான் படுக்க வைக்கிறேன்’னு சொல்லி, யாரை தாத்தான்னு கேட்டா.”

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அம்சத்துக்குக் கண் கலங்கியது. முதுகு வலித்தது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் எரிந்தது. கடைசியில் ஒரு மெய்யா என்னைத் தடுக்கிறது என்று நினைத்தாள். சாயங்காலம் போனில் நாகநாதனிடம் சொன்னாள். வழக்கம்போல பாத்துக்கலாம் என்றார். படக்கென்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நடவு மூன்றாவது வயலுக்கு நகர்ந்திருந்தது. மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் வாய்க்காலில் கை கால் கழுவிவிட்டுக் கரையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். காத்தாயி கடைசியாக வந்தாள். தலை கலைந்து பரட்டையாகக் கிடந்தது.

“என்ன அத்தாச்சி, தலையில குருவி கூடு கட்டுதா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“போடி. காலம்பர பள்ளிக்கூட வேன் வந்து நிக்குது. மவளுக்குச் சீவி விட்டேன். நான் சீவிக்கல. அவளுக்குப் பூ வச்சு விட்டேன். நான் வச்சுக்கல. இனிமே சீவிக்கிட்டு யாரு பாக்கப் போறா, உங்க அண்ணனா?”

சோற்றை வாய்க்குக் கொண்டு போன அம்சத்தின் கை அப்படியே நின்றது.

“அத்தாச்சி, இப்ப என்ன சொன்ன?”

“உங்க அண்ணன் பாக்க மாட்டாருன்னேன்.”

“அதுக்கு முன்னாடி!”

“மவளுக்குச் சீவி விட்டேன், நான் சீவிக்கல.”

“நீ சீவினா?”

“சீவிக்கிட்டேம்பேன். வேற எப்படிச் சொல்லுவாக?”

“சீவினேன்னு மட்டும் சொன்னா?”

“எதைச் சீவினன்னு கேப்பாக. தேங்காயவா, பனங்காயவான்னு.”

அம்சம் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே விட்டாள். மாட்டைக் கழுவினேன், கழுவிக்கிட்டேன். மூட்டையைத் தூக்கினேன், தூக்கிக்கிட்டேன். பிள்ளைக்குச் சட்டை போட்டு விட்டேன், நான் போட்டுக்கிட்டேன். ஜன்னத் அக்கா கத்தின கத்து, சார் விளக்கின விளக்கம், எல்லாம் தன் வாயில் பிறந்ததிலிருந்து கிடக்கிற ஒரு சின்ன ஒட்டுத்தான்! அங்கே சொல்லுக்கு முன்னால் வைக்கிறார்கள், இங்கே பின்னால் வைக்கிறோம். இவ்வளவுதானா!

“கிட்டு!” என்று கத்தினாள். “அடி ஆத்தே, மெங்கிறது கிட்டு! எல்லாம் கிட்டு பண்ற வேலை!”

 காத்தாயி மெதுவாகக் கேட்டாள்.

“யாருடி அந்தக் கிட்டு?”

“அதான் அத்தாச்சி, நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்த...”

“தேடிக்கிட்டிருந்தியா? எந்த ஊரு ஆளு? பாரீஸ்காரருக்குத் தெரியுமா?”

சிரிப்பு வெடித்தது. ஒருத்திக்குப் புரையேறி, இன்னொருத்தி தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. அம்சம் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினாள். விளக்கி முடித்தபோது அது எல்லாருக்கும் விளையாட்டாகிவிட்டது. ஆளுக்கொரு சொல்லாக எறிந்தார்கள்.

“மூஞ்சி கழுவிக்கிட்டேன்!”

“மெ!” என்றாள் அம்சம்.

“சட்டி கழுவினேன்!”

“மெ இல்ல!”

“ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாங்க!”

அம்சம் யோசித்தாள். ஒருத்தரை ஒருத்தர். அட, அதுவும் கிட்டுதான். ஜன்னத் அக்கா அதற்கும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தாள். எனக்கென்றால் மெ, அவர்களுக்கென்றால் ஸெ. “ஸெ!” என்றாள்.

“கட்டிக்கிட்டாங்க!”

“அதுக்கும் ஸெ!”

“அப்ப கட்டிக்கிட்டாலும் ஸெ, அடிச்சிக்கிட்டாலும் ஸெ” என்றாள் காத்தாயி. “விவரமான ஊருதான்.”

அன்று மதியத்துக்கு மேல் நட்ட நடவில் முதுகுவலி யாருக்கும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை வரப்பில் நின்று, என்ன இன்னைக்கு இவ்வளவு வேகம் என்று கேட்டார். கிட்டு வந்திருக்காருங்க என்றார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அடுத்த வகுப்பில் அம்சம் இதைச் சொன்னாள். ஜன்னத் பீவி தொடையில் தட்டிச் சிரித்தாள்.

“அடிப்பாவி! இருவது வருசம் அந்த ஊருல இருந்தேன். எனக்கு இது தோணல பாரு.”

வெங்கட்ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படுக்க வச்சேன், படுத்துண்டேன்” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். “எங்காத்து பாஷையில கிட்டு கிடையாது. உண்டு. வச்சுண்டேன், போட்டுண்டேன். எனக்கு உண்டு, உங்களுக்குக் கிட்டு!” என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அம்சத்துக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். ழெ மெ லேவ், ழெ மெ லவ், ழெ மெ பேஞ். எழுந்துகொள்கிறேன், கழுவிக்கொள்கிறேன், தலை சீவிக்கொள்கிறேன். வகுப்பு முடிகிற நேரத்தில் ஜன்னத் டீயும் வறுக்கியும் கொண்டுவந்து வைத்தாள். அம்சம் வறுக்கியைக் கடித்தாள். கடித்த வாயோடு, இப்போ என்ன செய்ற என்ற கேள்விக்கு, சாப்பிட்டுக்கிட்டிருக்கேன் என்று மனதில் நினைத்துப் பதில் சொன்னாள்.

“ழெ மெ மான்ழ்!”

ஜன்னத் பீவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்ன சொன்ன?”

“சாப்புட்டுக்கிட்டிருக்கேன்னு...”

“உன்னையே நீ தின்னுக்கிட்டிருக்கேன்னு சொல்லியிருக்க! கையிலேருந்து ஆரம்பிச்சியா, கால்லேருந்தா?”

கிட்டுவுக்கு இரண்டு முகம் என்று அப்போதுதான் தெரிந்தது. சீவிக்கிட்டேன் என்றால் வேலை நம்மேலேயே விழுகிறது. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், வந்துக்கிட்டிருக்கேன் என்றால் வேலை இன்னும் நடக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கிட்டுவுக்கு அங்கே மெ கிடையாது.

“ஒரு கிட்டு நல்லவன், ஒரு கிட்டு வேசக்காரன்” என்றாள் ஜன்னத். “வேசக்காரன் வந்தா உள்ள விடாத. வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி யோசி. வேலை யாரு மேல விழுது? உன் மேலயா, வேற ஒண்ணு மேலயா? அதைப் பாத்துட்டுச் சொல்லு.”

பரீட்சை புதுச்சேரியில். விடியற்காலை பஸ் பிடித்துப் போனாள். காத்தாயி தன் மகளின் ரிப்பனை எடுத்து அவள் பின்னலில் கட்டிவிட்டிருந்தாள். “நான் கட்டி விட்டேன், கிட்டு இல்ல” என்று சொல்லிவிட்டே அனுப்பினாள்.

எழுத்துப் பரீட்சையில் பெயர், ஊர், பிறந்த தேதி எழுதினாள். ஒரு சின்னச் செய்தி எழுதச் சொன்னார்கள். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி போயிற்று. பாதிதான் தேறும் என்று தெரிந்தது. மீதியை வாய்தான் காப்பாற்ற வேண்டும்.

வாய்ப் பரீட்சைக்கு ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சிரித்த முகம், ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. மேசையில் ஒரு டப்பா நிறையப் பென்சில்.

“ழெ மப்பேல் அம்சம்” என்று ஆரம்பித்தாள். அதிலேயே ஒரு மெ ஒளிந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரியும். என்னை நான் அம்சம் என்று அழைத்துக்கொள்கிறேன். எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! இத்தனை காலம் ஊர்தான் அவளைக் கூப்பிட்டது. இந்த மொழியில் அவளே தன்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று அம்மாள் கேட்டாள். அம்சம் தயாராக இருந்தாள். ழெ மெ லேவ். ழெ மெ லவ். ழெ மெ பேஞ். ஒவ்வொரு மெய்யும் நூல் பிடித்த நடவு மாதிரி இடத்தில் போய் உட்கார்ந்தது. அம்மாள் தலையாட்டிக்கொண்டே எழுதினாள். பிறகு, அப்புறம் வேலைக்குப் போவீர்களா, என்ன வேலை என்று கேட்டாள்.

நல்லபடியாகப் போகிறது என்ற சந்தோஷம்தான் அம்சத்துக்குச் சத்துரு. நட்டுக்கிட்டிருக்கேன் என்று மனது சொன்னது. வேஷக்காரன் கதவைத் தட்டினான். அவள் திறந்துவிட்டாள்.

“ழெ மெ ப்ளாந்த்.”

அம்மாளின் பேனா நின்றது. “வூ வூ ப்ளாந்தே?”

ஆகா, புரிந்துகொண்டாள்! அம்சத்துக்கு உற்சாகம் பொங்கியது. ஆமாம் என்றாள். தினமும் என்றாள். பத்துப் பெண்களோடு சேர்ந்து என்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்றாள். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் என்றாள். நூ நூ ப்ளாந்தோன், நூ நூ ப்ளாந்தோன்!

வெள்ளைக்கார அம்மாள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்சம் அதைப் பார்த்தாள். எங்கேயோ தவறிவிட்டது. எங்கே? தை மாதம் கண்ணெதிரே நழுவி அடுத்த தைக்குப் போவது தெரிந்தது.  வாய் நின்றுவிட்டால் கைதான். அவள் எழுந்தாள். டப்பாவிலிருந்து பென்சில்களை அள்ளி நாத்துமுடி மாதிரி இடக்கையில் பிடித்தாள். இடுப்பை வளைத்துக் குனிந்தாள். பெருவிரலும் இரண்டு விரலுமாக ஒரு பென்சிலைப் பிரித்துத் தரையில் ஊன்றுகிற மாதிரி வைத்தாள். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். பின்னால் நாற்காலி இருப்பது தெரியாமல் இடித்து அதையும் தள்ளிக்கொண்டே போனாள்.

கை ஊன்றிய இடத்தைக் கண் பார்த்தது. வேலை யார் மேல விழுது? ஜன்னத் அக்காவின் குரல். விரல் போகிறது கீழே. என் மேல் இல்லை. மண் மேல். நாற்று மேல்.

அப்படியே குனிந்த நிலையில் தலையை மட்டும் தூக்கினாள்.

“மெ இல்ல!” என்று தமிழில் கத்திவிட்டாள். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக: “ழெ ப்ளாந்த் லெ ரீ.”

நான் நெல்லை நடுகிறேன்.

“ஆ!” என்றாள் அம்மாள். “லெ ரீ!”

“வுய். லெ ரீ. தான் லோ.” தண்ணீரில். இடுப்பில் கை வைத்து, நிமிர்ந்து, முதுகைப் பின்னால் வளைத்து ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுக்கு மொழி தேவைப்படவில்லை. “அப்ரே...” அப்புறம் என்பதற்கு அவர்கள் கிட்டத்தட்ட அப்புறம் என்றே சொல்வது அவளுக்கு எப்போதும் பிடிக்கும். “அப்ரே, ழெ மெ லவ். ழெ மெ ரெபோஸ்.” அப்புறம் கழுவிக்கிறேன், இளைப்பாறிக்கிறேன். இந்த இரண்டு மெய்யும் நல்ல கிட்டுவின் மெய். ஒவ்வொன்றையும் அவள் யோசித்துத்தான் வைத்தாள்.

வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வந்து, அவளோடு சேர்ந்து குனிந்து, தரையில் கிடந்த பென்சில்களைப் பொறுக்கினாள்.

கடற்கரை ஓரம் உட்கார்ந்து நாகநாதனுக்குப் போன் போட்டாள். முன்பு படக்கென்று போனை வைத்ததெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். ழெ மெ ப்ளாந்த் என்று சொன்ன இடத்தில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.” குரல் ஒரு மாதிரி இருந்தது. “அம்சம், இங்க பேச்சு வழக்குல அதுக்கு வேற அர்த்தம்.”

“என்ன அர்த்தம்?”

“சொதப்பிட்டேன்னு அர்த்தம்.”

அம்சம் கடலைப் பார்த்தாள். மனதில் ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்பி வந்தது. “அப்ப நான் அந்தம்மாகிட்ட, தெனமும் சொதப்புறேன்...”

“ம்.”

“பத்துப் பொம்பளைங்களோட சேந்து சொதப்புறேன்...”

“ம்.”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும், எங்க ஊர்ல எல்லாரும் சொதப்புவோம்னு...”

அவ்வளவுதான். அந்தப் பக்கம் நாகநாதன் உடைந்தார். சிரிப்பா அது! பெரிய பெரிய சலவை எந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி வந்தது. யாரோ பிரெஞ்சில் என்ன ஆச்சு என்று கேட்பதும், அவர் பதில் சொல்ல முடியாமல் திணறுவதும் கேட்டது. கல்யாணமாகி இத்தனை மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அம்சம் கேட்டதில்லை. இந்த மனுஷனுக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது?

“நான் மட்டும் என்ன” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. “வந்த புதுசுல முதலாளிகிட்ட, என் பேரு நாகநாதன்னு சொல்றதுக்கு, மெய்ய விட்டுட்டு, நாகநாதனைக் கூப்புடுறேன்னு சொல்லிட்டேன். அந்தாளு சரின்னு உக்காந்துட்டான். நாகநாதன் எப்ப வருவாருன்னு அரை மணி நேரம் ரெண்டு பேரும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம்.”

இப்போது அம்சம் சிரித்தாள். கடற்கரையில் நடந்து போன ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

“தேறுவேனாங்க?” என்று கேட்டாள் கடைசியில்.

“பாத்துக்கலாம்” என்றார்.

இந்த முறை எரிச்சல் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லில் ஏதோ ஒன்று காதில் தட்டியது. என்னவென்று பிடிபடவில்லை. பஸ் வந்துவிட்டது.

முடிவு கார்த்திகையில் வந்தது. மழை விட்டிருந்த ஒரு முற்பகல். நட்ட பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்டியிருந்தது. பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னத் பீவி போனில் கத்திய கத்து வரப்பில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“தேறிட்ட புள்ள! எழுத்துல மோசம். வாயில அள்ளிட்ட! சாரும் தேறிட்டாரு. மிட்டாய் வாங்கிக்கிட்டு வா. வாங்கிட்டு இல்ல, வாங்கிக்கிட்டு!”

காத்தாயி களையை அப்படியே வீசிவிட்டு ஓடி வந்து அம்சத்தைக் கட்டிக்கொண்டாள். இருவர் மேலும் இருவருடைய சேறும் ஒட்டியது. “ஸெ!” என்று ஒருத்தி கத்தினாள். “அதுக்கும் ஸெதான!”

“நீ போயிட்டா கிட்டுவ யாருடி பாத்துக்குவா?” என்று கேட்டாள் காத்தாயி. உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “நாங்க பாத்துக்குறோம். நீ கெளம்பு.”

பாத்துக்குறோம்.

அம்சம் நின்றாள். ஒரு கால் வயலில், ஒரு கால் வரப்பில். பாத்துக்கலாம். பார்த்துக் கொள்ளலாம். இத்தனை மாதமாக அந்த மனுஷன் போனில் சொல்லிச் சொல்லி, கவலைப்படாதே, சமாளிக்கலாம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள்ளும் ஒரு கிட்டு உட்கார்ந்திருக்கிறது! ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளலாம். அவர் எதை நினைத்துச் சொன்னாரோ. ஆனால் சொல் என்னவோ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். அங்கே இன்னும் விடிந்திருக்காது. அவர் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார். என்ன ஆச்சு, முடிவு வந்துடுச்சா, பரவாயில்ல அம்சம், எதுவானாலும் என்று பதற்றமாக ஆரம்பித்தார்.

அவள் நடுவில் மறித்தாள். ஜன்னத் அக்காவிடம் எப்போதோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்த ஒரு சொல். இதுவரை அதற்கு வேலை வந்ததில்லை.

“ஓன் ஸெ வுவா” என்றாள். நாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம்.

 இந்தப் பக்கம் களை பறிக்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எப்போ?” என்றார் நாகநாதன்.

“தையில.”